நைஃப் எட்ஜ், ஹாரியர், ஹோவர், ரோலிங் சர்க்கிள்: ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) பிளேனில் எதற்குப் பிறகு எது?

கேள்வியின் சுருக்கம் இது: லூப், ரோல், தலைகீழாகப் பறப்பது மூன்றும் கைவந்துவிட்டன. இருப்பது 48 அங்குல இறக்கை கொண்ட பால்சா மர எக்ஸ்ட்ரா பிளேன், 3 செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் மூக்கை இட வலமாகத் திருப்பும் ரட்டரும் இடது ஸ்டிக்கில் உள்ள மோட் 2 டிரான்ஸ்மிட்டர். ஹோவர் (மூக்கு மேலே பார்க்க அந்தரத்தில் நிற்பது) பழகப் போனால் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறது. ஹோவர், நைஃப் எட்ஜ், ரோலிங் சர்க்கிள் இவற்றை எந்த வரிசையில் பழகுவது? கைரோ (ஆட்டத்தை உணர்ந்து தானாகத் திருத்தும் கருவி) போட்டால் சுலபமாகுமா?

ஹோவரைக் கொஞ்ச நாளைக்கு ஓரம்கட்டி வையுங்கள். முதலில் ஸ்டால் டர்ன், அடுத்து ஸ்லோ ரோல், நைஃப் எட்ஜ், ஹாரியர், அதன் பிறகு ஹோவர், எல்லாவற்றுக்கும் கடைசியில் ரோலிங் சர்க்கிள். இந்த வரிசைக்குக் காரணம் ரட்டர். லூப், ரோல், தலைகீழ்ப் பறத்தல் மூன்றையும் ரட்டரைத் தொடாமலே ஒப்பேற்றிவிடலாம். அதனால் இந்தக் கட்டத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு இடது கட்டைவிரல் த்ராட்டிலை மேலே கீழே தள்ளுவதோடு சரி, பக்கவாட்டில் அசைந்ததே இல்லை. ஹோவரிலோ ரட்டர், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), எய்லரான் (பிளேனை உருட்டுவது), த்ராட்டில் நான்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பழகாத விரலுக்கு எடுத்த எடுப்பிலேயே அந்த வேலையைக் கொடுத்தால் இரண்டு விநாடி தாக்குப்பிடிப்பதே பெரிது.

ஆனால் விரலைக் குறை சொல்வதற்கு முன்னால் பிளேனைப் பாருங்கள். "எனக்கு வரவில்லை" என்று சொல்லப்படுவதில் பாதி, சி.ஜி.யும் (எடை சமன்படும் புள்ளி) த்ரோவும் (எலிவேட்டர் முதலியவை அசையும் அளவு) சரியில்லாத பிளேன் செய்கிற வேலை.

பிளேனைத் தயார் செய்வது

லோ, ஹை என்று இரண்டு ரேட் (முழு ஸ்டிக்குக்கு எத்தனை டிகிரி என்ற அமைப்பு) வேண்டும். துல்லியமாகப் பறக்க எலிவேட்டர் 10 முதல் 12 டிகிரி, எய்லரான் 15 முதல் 20, ரட்டர் 25 முதல் 30. 3டி-க்கு (ஹாரியர், ஹோவர் போன்ற மெதுவான வித்தைகளுக்கு) எலிவேட்டர் 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. எய்லரான் 30 முதல் 35, ரட்டர் இடிக்காமல் போகிற வரை. டிகிரியை அளக்கக் கருவி இல்லையென்றால் ஸ்கேல் போதும். கீலிலிருந்து பின்விளிம்பு வரை 50 மி.மீ. இருக்கும் எலிவேட்டரில், 12 டிகிரிக்குப் பின்விளிம்பு ஏறக்குறைய 10 மி.மீ. உயரும், 45 டிகிரிக்கு 35 மி.மீ. உயரும். உங்கள் எலிவேட்டரின் அகலத்துக்கு ஏற்ப அதே விகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

45 டிகிரி வர வேண்டுமென்றால் சர்வோவோடு (எலிவேட்டர் முதலியவற்றை அசைக்கும் குட்டி மோட்டார்) வரும் குட்டி ஆர்ம் போதாது. இந்த அளவு பிளேனுக்கு 25 முதல் 32 மி.மீ. நீள ஆர்ம் வேண்டும். நீளமான ஆர்ம் போட்டால் சர்வோவின் தள்ளும் விசை குறையும், லிங்கேஜில் இருக்கும் லூசும் பெரிதாகத் தெரியும். எனவே சர்வோ மெட்டல் கியராக, 60 டிகிரிக்கு 0.10 விநாடி அளவு வேகத்தில், 2 முதல் 3 கிலோ டார்க் உள்ளதாக இருக்கட்டும். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது புஷ்ராடும் (இணைப்புக் கம்பி) ஆர்மும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதை டிரான்ஸ்மிட்டரின் சப்-டிரிம் வைத்துச் சரிக்கட்டாதீர்கள், ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு டிகிரியைப் புஷ்ராடைத் திருகிச் சரிசெய்யலாம்.

எய்லரானுக்கும் இறக்கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடிப்பக்கம் மெல்லிய டேப்பால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் வேகமாக இறங்கும்போது எய்லரான் படபடவென்று அடித்துக்கொண்டு கீலையே பிய்த்துவிடக்கூடும். டேப்பை எய்லரானை முழுவதும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அதுவே த்ரோவைத் தடுத்துவிடும்.

எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு): லோ ரேட்டில் 25 முதல் 30 சதவீதம், ஹை ரேட்டில் 55 முதல் 65. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்க ஃபுடாபா டிரான்ஸ்மிட்டரில் மைனஸ், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். மாற்றிப் போட்டுவிட்டால் 60 சதவீதம் மென்மைக்குப் பதில் 60 சதவீதம் வெடுக்கென்று ஆகிவிடும், பிளேன் தரையை விட்டதும் குதிக்க ஆரம்பிக்கும். தரையிலேயே ஸ்டிக்கைக் கால் பங்கு மட்டும் நகர்த்தி, எலிவேட்டர் கால் பங்குக்கும் குறைவாக நகர்கிறதா என்று பாருங்கள். எலிவேட்டர், எய்லரான், ரட்டர் மூன்றின் ரேட்டையும் ஒரே சுவிட்சில் போடுவது நல்லது. தனித்தனிச் சுவிட்ச் வைத்தால் என்றாவது ஒருநாள் எலிவேட்டர் ஹை, ரட்டர் லோ என்று ஹோவருக்குள் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

சி.ஜி.க்கு மேனுவலில் போட்டிருப்பது தொடக்கப் புள்ளிதான். வானத்தில் பார்க்கும் முறை இது: முக்கால் த்ராட்டிலில் 45 டிகிரி கோணத்தில் மேலே ஏற்றுங்கள், அரை ரோல் போட்டுத் தலைகீழாக்குங்கள், எலிவேட்டரை விட்டுவிடுங்கள். மூக்கு சட்டென்று தரையை நோக்கித் தொங்கினால் மூக்கு கனம். அதே கோட்டில் கொஞ்ச தூரம் போய் மெதுவாகத் தாழ்ந்தால் சரியான இடம். தாழாமல் இன்னும் செங்குத்தாக ஏறப் பார்த்தால் வால் கனம். பேட்டரியை 5 மி.மீ. 5 மி.மீ. ஆக நகர்த்தி ஒவ்வொரு முறையும் இதைப் பாருங்கள். மூக்கு கனமான பிளேனில் ஹாரியர் சரியாக வராது, தலைகீழாகப் பறக்கும்போது ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வால் கனமான பிளேன் ஸ்பின்னிலிருந்து (சுழன்றுகொண்டே விழுவது) வெளியே வர மறுக்கும்.

அடுத்தது மோட்டார் கோணம். முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏற்றி, பிளேனின் முதுகைப் பார்த்தபடி கவனியுங்கள். வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்தால் மோட்டாரின் வலக்கோணம் போதவில்லை. வழக்கமாக 2 முதல் 3 டிகிரி வேண்டும். மோட்டார் மவுண்டின் இடது பக்க ஸ்க்ரூக்களுக்குக் கீழே ஒரு வாஷர் வைத்தால் முகம் வலப்புறம் திரும்பும். எய்லரான் டிஃபரன்ஷியலைப் (கீழே போகும் எய்லரானைவிட மேலே போவது அதிகம் அசையும் அளவு) பார்க்க, உங்களை விட்டு நேராகத் தள்ளிப் போகும்போது வலப்பக்கம் மூன்று ரோல் போடுங்கள். பிளேன் போகும் திசை இடப்பக்கம் விலகினால் டிஃபரன்ஷியலைக் கூட்டுங்கள், வலப்பக்கமே விலகினால் குறையுங்கள். இறக்கைகளில் ஒன்று கனமாக இருந்தால் லூப்பின் உச்சியில் பிளேன் ஒரு பக்கம் சாயும். லேசான இறக்கையின் நுனியில் 5 கிராம் ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பவரை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை ஒரு கம்பத்தில் கட்டி, பிளேனின் வாலை அதில் மாட்டி, புராப்பின் (புரொப்பெல்லர்) பின்னால் நின்றுகொண்டு முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். 1.2 கிலோ பிளேனுக்குக் குறைந்தது 2 கிலோ இழுவை வேண்டும். அப்போதுதான் த்ராட்டில் பாதியை ஒட்டிய இடத்தில் ஹோவர் நிற்கும், தப்பித்து மேலே போகவும் மிச்சம் இருக்கும். 12x6 புராப் (12 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் பிட்ச்) போட்டிருந்தால் அது பொதுவான பறத்தலுக்கு நல்லது. ஹோவருக்கு விட்டம் அதிகமாகவும் பிட்ச் குறைவாகவும் உள்ள புராப் விரைவாகப் பதில் சொல்லும். ஆனால் புராப்பை மாற்றினால் வாட்மீட்டரில் ஆம்பியரைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். இ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி) லோ வோல்டேஜ் கட்-ஆஃப் "உடனே நிறுத்து" என்று இருந்தால் "மெதுவாகக் குறை" என்று மாற்றுங்கள். 4 மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பிளேனுக்கு மோட்டார் சட்டென்று நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டால் டர்ன்: ரட்டருக்கு முதல் பாடம்

இது எளிது என்று நினைத்துப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட வேண்டாம். நேராக, இறக்கை சமமாக, செங்குத்தாக ஏற்றுங்கள். த்ராட்டிலைக் கால் பங்குக்குக் குறையுங்கள், முழுவதும் மூட வேண்டாம். ரட்டர் மேல் காற்று ஓடிக்கொண்டிருந்தால்தான் வால் சுழலும். பிளேன் நிற்பதற்குச் சற்று முன்னால் முழு ரட்டர். மூக்கு தரையைப் பார்க்கும்போது ரட்டரை விட்டு, தேவைப்பட்டால் ஒரு கணம் எதிர் ரட்டர் கொடுத்து வால் ஆடுவதை நிறுத்துங்கள்.

இடப்பக்க டர்ன்தான் சுலபமாக வரும், ஏனென்றால் புராப் காற்று மூக்கை ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. திரும்பும்போது பிளேன் ரோலும் ஆகிவிட்டால் எதிர்ப்பக்க எய்லரான் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவாகப் போய்த் திரும்பினால் ரட்டர் சீக்கிரம் கொடுத்திருக்கிறீர்கள். முதுகுப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ தொப்பென்று விழுந்தால் தாமதம். எஃப்3ஏ என்ற ஆர்.சி. துல்லியப் பறத்தல் போட்டியில் பிளேனின் நடுப்புள்ளி அரை இறக்கை நீள ஆரத்துக்குள் திரும்பினால் மதிப்பெண் குறையாது, அதற்கு மேல் போனால் வெட்டுவார்கள். இரு பக்கமும் அந்த அளவுக்குள் வரும் வரை பழகுங்கள்.

ஸ்லோ ரோல்

விரல்களுக்கு வரிசையைக் கற்றுக்கொடுப்பது இதுதான், ஆகவே இதில் அதிக நேரம் செலவழியுங்கள். வலப்பக்கம் ரோல் என்று வைத்துக்கொள்வோம். எய்லரானை வலப்பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டே இருங்கள். முதல் கால் பாகத்தில் வலது இறக்கை கீழே போகும்போது இடது ரட்டர் படிப்படியாக ஏற வேண்டும். தலைகீழாகும்போது ரட்டர் நடுவுக்கு வந்து, எலிவேட்டர் முன்னால் தள்ளப்பட வேண்டும். அடுத்த பாதியில் இடது இறக்கை கீழே வரும், அப்போது வலது ரட்டர். கடைசியில் நிமிரும்போது எல்லாம் நடுவுக்கு. மனத்தில் வைத்துக்கொள்ளச் சூத்திரம்: முதலில் ரோலுக்கு எதிர் ரட்டர், பிறகு தள்ளு, பிறகு ரோல் பக்கமே ரட்டர். இடப்பக்க ரோலுக்கும் இதே வாக்கியம் பொருந்தும்.

முதலில் ஒரு ரோலுக்கு 3 விநாடி. அது நேர்கோட்டில் வந்தபின் 5 விநாடி. மெதுவாக ஆக ஆகக் கடினம், ஏனென்றால் பக்கவாட்டில் நிற்கும் நேரம் நீள்கிறது, இறக்கை அப்போது எதையும் தாங்குவதில்லை. இரண்டு தவறுகள் எல்லோருக்கும் வரும். ஒன்று, ரட்டர் கொடுக்கும்போது வலது கை தன்னையறியாமல் எய்லரானை மாற்றிவிடும், ரோல் நின்று நின்று போகும். இன்னொன்று, ரட்டரைத் தேவைக்குச் சற்றுப் பிந்திக் கொடுப்பது. பிளேன் முதலில் மூக்கைத் தொங்கவிட்டுப் பிறகு தூக்கும். பக்கவாட்டு நிலைக்கு வருவதற்கு முன்பே ரட்டர் அழுத்தம் தொடங்கியிருக்க வேண்டும். உயரம் 50 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இது பிடிபடாவிட்டால் நான்கு புள்ளி ரோல் போடுங்கள். 90, 180, 270 டிகிரி ஒவ்வொன்றிலும் அரை விநாடி நிறுத்தினால், எந்த நிலையில் எந்த ஸ்டிக் எங்கே இருக்க வேண்டும் என்பது தனித்தனியாகப் பிடிபடும். பிறகு அந்த நிறுத்தங்களைக் கரைத்துவிட்டால் ஸ்லோ ரோல்.

நைஃப் எட்ஜும் அதற்கான மிக்ஸும்

90 டிகிரி உருட்டி, மேல்பக்க ரட்டர் கொடுத்து, 60 முதல் 70 சதவீத த்ராட்டிலில் அப்படியே ஓட்டுவது. பிளேனின் உடல்தான் இப்போது இறக்கை. ரட்டரைக் கொடுத்தவுடன் பெரும்பாலான பிளேன்கள் வயிற்றுப் பக்கம் இழுக்கும், சில கேனபி (விமானி அறைக் கண்ணாடி, அதாவது முதுகு) பக்கம் இழுக்கும். கூடவே ரோலும் ஆகும். இதைக் கையால் சமாளித்துக்கொண்டே இருந்தால் நைஃப் எட்ஜ் என்றைக்கும் சுத்தமாக வராது. டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் போடுங்கள், அதாவது ஒன்றை (மாஸ்டர்) அசைத்தால் இன்னொன்றும் (ஸ்லேவ்) தானாக அசையும் அமைப்பு.

சி.ஜி.யை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள், வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு. ரட்டர் மாஸ்டர், எலிவேட்டர் ஸ்லேவ், ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் என்று தொடங்குங்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான்: ரட்டர் இடது போனாலும் வலது போனாலும் எலிவேட்டர் மேலேதான் வர வேண்டும். நேர்கோட்டு மிக்ஸாகப் போட்டுவிட்டால் ஒரு பக்க நைஃப் எட்ஜ் சரியாகி, மறுபக்கம் முன்னைவிட மோசமாகும். அதனால் இரு பக்க எண்களில் ஒன்றின் பிளஸ் மைனஸ் குறியை மாற்ற வேண்டியிருக்கும். தரையில் ரட்டரை இரு பக்கமும் முழுவதும் தள்ளிப் பாருங்கள். இரண்டிலும் எலிவேட்டர் ஒன்றிரண்டு மி.மீ. உயர்ந்தால் மிக்ஸ் சரியான திசையில் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பறத்தலுக்கும் 1 சதவீதம் மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டுமென்பதில்லை.

ரோலுக்கு ரட்டரிலிருந்து எய்லரானுக்கு மிக்ஸ். நைஃப் எட்ஜில் பிளேன் தானாக நிமிர்ந்துகொண்டால் ரட்டருக்கு எதிர்ப்பக்க எய்லரான், தலைகீழாகச் சரிந்தால் ரட்டர் போகும் பக்கமே எய்லரான். இதற்குச் சாதாரண நேர்கோட்டு மிக்ஸ் போதும். செங்குத்தாக இறங்கும்போது த்ராட்டில் மூடியதும் பிளேன் கேனபி பக்கம் இழுத்தால், த்ராட்டில் குறைவான பகுதியில் மட்டும் 1 முதல் 3 சதவீதம் டவுன் எலிவேட்டர் சேர்த்துவிடுங்கள்.

மிக்ஸ் முடிந்த பிளேனில் நைஃப் எட்ஜ் பழகுவதற்கு ஓடுபாதைக்கு இணையாக, 30 மீட்டர் உயரத்தில், முதலில் 3 விநாடி, பிறகு களம் முழுவதும். இரண்டு பக்கமும், இரண்டு திசையிலும் போனால் மொத்தம் நான்கு வகை. அவற்றில் கேனபி உங்களைப் பார்க்கும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பறப்பது எல்லோரும் செய்யும் ஏமாற்று.

ஹாரியர்

இங்கிருந்து ஹை ரேட். 20 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, வேகம் இறங்க இறங்க எலிவேட்டரை மூன்று நான்கு விநாடியில் மெதுவாக முழுவதும் இழுங்கள். மூக்கு 45 டிகிரிக்கு வந்து, பிளேன் ஸ்டால் ஆன (இறக்கை தாங்கும் விசையை இழந்த) நிலையிலேயே புராப்பின் பலத்தில் மிதக்கும். இனி உயரம் த்ராட்டிலின் பொறுப்பு, திருப்பம் ரட்டரின் பொறுப்பு. எய்லரான் இறக்கையைச் சமமாக வைக்க மட்டும். வேகமாக இழுத்தால் ஹாரியருக்குப் பதில் மேலே ஏறிவிடும்.

இறக்கைகள் இடமும் வலமும் ஆடும். ஆட்டத்தை எய்லரானால் துரத்தினால் அது கூடத்தான் செய்யும், ஏனென்றால் உங்கள் திருத்தம் அடுத்த ஆட்டத்தோடு போய்ச் சேருகிறது. இரண்டு எய்லரானையும் 10 முதல் 15 டிகிரி மேலே தூக்கும் மிக்ஸ் ஒன்றைச் சுவிட்சில் போடுங்கள், ஆட்டம் கணிசமாகக் குறையும். சி.ஜி. சற்றுப் பின்னால் இருப்பதும், இறக்கை நுனியில் செங்குத்துத் தகடுகள் பொருத்துவதும் உதவும். தலைகீழ் ஹாரியர் பல பிளேன்களில் நேர் ஹாரியரைவிட நிலையாக நிற்கும். தலைகீழ்ப் பறத்தல் பழகியிருப்பதால் அதையும் சேர்த்தே முயலுங்கள். எய்லரானைத் தூக்கும் மிக்ஸை அப்போது அணைத்துவிட வேண்டும்.

ஹாரியரில் எட்டு வடிவம் போட்டு, அப்படியே தரையிறக்கவும் முடிந்தால் ஹோவருக்குப் போகலாம்.

ஹோவர்

கையில் இருக்கும் பிளேன் விழுவது எந்தப் பக்கம் என்று முதலில் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் கோளாறு பிளேனில்: மோட்டார் கோணம், ரட்டர் நடு, பக்கவாட்டு எடை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் விழுந்தால் விரலில். முதல் வகைக்கு எவ்வளவு பயிற்சி செய்தாலும் பலனில்லை, திருத்த வேண்டியது வாஷரால்.

பழகும் உயரம் 10 முதல் 15 மீட்டர், தூரம் 20 முதல் 25 மீட்டர். அதைவிட உயரத்தில் பிளேன் சாய்வதே கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது 30 டிகிரி சாய்ந்திருக்கும். 3 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரம் மிக மோசம், விழுந்தால் நிமிர்த்த இடமில்லை, உடைவதற்கு மட்டும் உயரம் போதும். காற்று மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் இருந்தால் அன்றைக்கு நைஃப் எட்ஜ் பழகுங்கள்.

ஹாரியரிலிருந்தே மூக்கை இன்னும் தூக்கி, த்ராட்டிலை ஒரு கிளிக் இரண்டு கிளிக் கூட்டிச் செங்குத்தாக்குங்கள். கேனபி உங்களைப் பார்த்து இருக்கட்டும். அந்த நிலையில் எல்லாம் இயல்பான திசையில் இருக்கும்: மூக்கு இடப்பக்கம் சாய்ந்தால் வலது ரட்டர், உங்களை விட்டு விலகிச் சாய்ந்தால் இழுங்கள், உங்களை நோக்கிச் சாய்ந்தால் தள்ளுங்கள். பிளேன் சுழன்று வயிறு உங்களைப் பார்த்துவிட்டால் ரட்டர் தலைகீழாகிவிடும், அப்போது மூக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே ரட்டர் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். எலிவேட்டருக்கு விதி மாறுவதில்லை: கேனபி பக்கம் சாய்ந்தால் தள்ளு, வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் இழு. வயிற்றுப் பக்கம் தடித்த கோடுகளோ கட்டம் போட்ட ஸ்டிக்கரோ ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் மாலை வெளிச்சத்தில் எது எதுவென்று தெரியாது.

திருத்தம் என்பது தட்டு. பிடித்துக்கொண்டிருப்பது அல்ல. ஸ்டிக்கைத் தட்டிவிட்டு நடுவுக்கு வாருங்கள், பார்த்துவிட்டு மீண்டும் தட்டுங்கள். பிடித்தால் மூக்கு மறுபக்கம் போய்விழும், அதைத் திருத்த மறுபடி பெரிதாகப் பிடிப்பீர்கள், ஊசல் போல அகலமாகிக்கொண்டே போகும். 5 டிகிரியில் தட்டத் தொடங்க வேண்டும். 30 டிகிரி ஆகிவிட்டால் காப்பாற்ற முயலாமல், முழு த்ராட்டிலும் அப் எலிவேட்டருமாக வெளியேறி மறுபடி தொடங்குங்கள். இந்த வெளியேறும் பழக்கம் விரலுக்கு வந்தபிறகுதான் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

த்ராட்டிலை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அந்தப் புள்ளியைச் சுற்றி ஓயாமல் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். த்ராட்டில் மிகத் துடிப்பாக இருந்தால் கர்வைச் சற்றுத் தட்டையாக்குங்கள்: 0, 30, 45, 60, 100 என்ற ஐந்து புள்ளி நல்ல தொடக்கம். மோட்டார் டார்க்கால் பிளேன் இடப்பக்கம் சுழலப் பார்க்கும், வலது எய்லரான் கொண்டு நிறுத்தலாம். 35 டிகிரி கொடுத்தும் நிற்கவில்லை என்றால் புராப் பெரிது அல்லது பிளேன் கனம். எய்லரானை விட்டுவிட்டு அந்தச் சுழற்சியை அனுமதித்தால் அதுவே டார்க் ரோல். அதற்குக் கேனபி-வயிறு மாற்றத்தில் ரட்டர் தானாக மாற வேண்டும் என்பதால், ஹோவர் அரை நிமிடம் நிற்காமல் அதற்குள் போகாதீர்கள்.

ஹோவரில் மோட்டாருக்குள் காற்று குறைவாகவே போகும். கௌலிங்கின் (மோட்டார் மூடி) காற்று வெளிவழி, உள்வழியைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். டைமரை 4 நிமிடத்தில் தொடங்குங்கள். இறக்கிச் சற்று ஆறியபின் ஒரு செல் 3.75 வோல்ட் காட்டினால் சரி, குறைவாக இருந்தால் அரை நிமிடம் வெட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக

“வால்” (சுவர் என்னும் பொருளில் Wall), வாட்டர்ஃபால், பாராசூட் போன்ற 3டி வித்தைகள் ஹை ரேட்டும் ஹாரியரும் கைக்கு வந்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும், அவற்றுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. ஸ்னாப் ரோல் மட்டும் எச்சரிக்கையோடு: எலிவேட்டரை முதலில் இழுத்து ஸ்டால் ஆக்கி, உடனே ரட்டரும் எய்லரானும். முழு வேகத்தில் செய்தால் இறக்கைக் குழாயும் சர்வோ கியரும் தாங்காது. பாதி த்ராட்டிலுக்குக் கீழே வேகம் இறங்கியபின் செய்யுங்கள்.

ரோலிங் சர்க்கிள்

வட்டம் போட்டுக்கொண்டே தொடர்ந்து ரோல். ஸ்லோ ரோலின் உயரம் பிடிக்கும் வேலையோடு திருப்பும் வேலையும் சேர்கிறது. இடப்பக்க வட்டம், இடப்பக்க ரோல் என்றால்: நிமிர்ந்திருக்கும்போது இடது ரட்டர் திருப்பும். இடது இறக்கை கீழே வரும்போது இழுத்தால் திரும்பும், வலது ரட்டர் உயரத்தைப் பிடிக்கும். தலைகீழாகும்போது வலது ரட்டர் திருப்பும், தள்ளுவது உயரத்தைப் பிடிக்கும். வலது இறக்கை கீழே வரும்போது தள்ளினால் திரும்பும், இடது ரட்டர் உயரத்தைப் பிடிக்கும்.

படிக்கும்போது தலை சுற்றும். எனவே வட்டமாகத் தொடங்காதீர்கள். 90 டிகிரி திருப்பத்துக்கு ஒரு ரோல், அவ்வளவுதான், பிறகு நேராகப் போய் மூச்சு விடுங்கள். அது சரியாக வந்தபின் 180, அதன் பிறகு நான்கு ரோலில் முழு வட்டம். ரோல் வேகம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். வட்டம் முட்டை வடிவானால் பரவாயில்லை, ரோல் நின்று நின்று போனால் திருத்துங்கள். சிமுலேட்டரில் இதைத்தான் அதிகம் பழக வேண்டும். ரியல்ஃப்ளைட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் பிகாசிம் போதும். நாளுக்கு 15 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடப் பலன் தரும்.

பயிற்சிக்குப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் ஐமேக் (ஆர்.சி. ஏரோபாட்டிக்ஸ் அமைப்பு) ஆண்டுதோறும் வெளியிடும் பேசிக், ஸ்போர்ட்ஸ்மேன் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை அரெஸ்டி என்ற ஏரோபாட்டிக்ஸ் குறியீட்டுப் படங்களில் இருக்கும். மனம்போனபடி பறப்பதைவிட, இந்த வரிசைகளில் பிடிக்காத பக்கத்தையும் செய்தே தீர வேண்டியிருக்கும்.

கைரோ

போடலாம், ஆனால் இப்போதே வேண்டாம். காற்றில் ஏற்படும் உதறலையும் ஹாரியர் ஆட்டத்தையும் அது நன்றாக அடக்கும். ஆனால் மிக்ஸ், சி.ஜி., மோட்டார் கோணம் எல்லாவற்றையும் கைரோ அணைத்த நிலையில்தான் பார்க்க வேண்டும். இயக்கி வைத்துக்கொண்டு டிரிம் பார்த்தால் பிளேனின் குறையை அது மறைத்துவிடும். நிலையைப் பூட்டிப் பிடிக்கும் மோடில் ஹோவர் அருமையாக நிற்கும். அதில் பழகினால் ரட்டர் பழகாது, அணைத்த அன்று மறுபடி முதல் நாள்தான்.

ஹோவர் கையால் 10 விநாடி நின்றபிறகு போடுங்கள். கெய்ன் (கைரோ திருத்தும் வலிமை) 30 சதவீதத்தில் தொடங்கி, பிளேன் படபடவென்று நடுங்கும் வரை கூட்டி, அங்கிருந்து 10 முதல் 15 இறக்கி வையுங்கள். முழு வேகப் பறத்தலுக்கும் ஹோவருக்கும் வேறு வேறு கெய்ன் தேவை. ஹோவர் கெய்னோடு வேகமாக இறக்கினால் நடுக்கம் வந்து கீல் பிய்யலாம், அதனால் ரேட் சுவிட்சிலேயே கெய்னையும் இணைத்துவிடுங்கள். முதல் பறத்தலுக்கு முன்னால் திசையைப் பாருங்கள்: வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்தினால் வலது எய்லரான் கீழே வர வேண்டும், மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும், மூக்கை இடப்பக்கம் திருப்பினால் ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும். மூன்றில் ஒன்று எதிராக இருந்தாலும் பறக்கவிடாதீர்கள், மெனுவில் அந்தச் சேனலின் கைரோ திசையை மாற்றிவிட்டு மூன்றையும் மறுபடி பாருங்கள்.